பாண் வேன்

கோமாரிக் களப்பு நீரோரம் பாண் விற்கும் ஓட்டோ ஒன்று எங்களைக் கடந்தது. உடனே காரின் கண்ணாடிகளையெல்லாம் இறக்கினேன்.

"ஏசி போட்டிருக்கு உம்மா," என்றாள் மகள்.

சூடான பாண் வாசம் வந்தால் இப்போதும் எனக்கு மூச்சு முட்டும்.

தொண்ணூறுகளில் ஒரு பின்னேரம், நாலரை மணி. பொத்துவிலுக்குப் போக வாப்பா இரவல் வாங்கியது பேக்கரி வேன். சூடான பாண் வாசம் அடைத்திருந்த, ஜன்னலில்லாத பின்பெட்டிக்குள் என் உம்மா, நான், இழுப்பு நோயுள்ள சின்னத் தம்பி. வாப்பா முன்னாலிருந்து காட்சிகளைக் கத்திச் சொன்னார்.

"களப்பு வந்திட்டு புள்ள, கொக்கு நிக்குது."

"கொக்க உட்டுட்டு ரோட்டப் பாருங்க," என்றார் உம்மா.

வேன் சேற்றில் சரிந்தது. பின்கதவு இறுகிவிட்டது. இழுத்துப் பார்த்த வாப்பா ஆள் தேடி ஓடினார். இருட்டில் தம்பியின் நெஞ்சு விசிலடித்தது. உம்மா முக்காட்டைக் கழற்றி அவனுக்கு விசிறினார்.

"கதைக்காத மகள். காத்து அவனுக்கு வேணும்."

நெடுநேரத்தின் பின் கதவில் இரும்பு இடித்தது. வாப்பா கூட்டிவந்த தம்பிலுவில் ஊர் வயற்காரர் ஒருவரின் குரல் கேட்டது.

"தங்கச்சி, அலவாங்கால கதவ நெம்பப்போறன். முக்காட்டப் போட்டுட்டுச் சொல்லுங்க."

"முக்காடு கிடக்கட்டும் அண்ணே, கதவத் துறங்க."

கதவு பிளந்ததும் தம்பி வீரிட்டான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கைகளை மட்டும் நீட்டினார்.

"அழுறான்தானே தங்கச்சி, அப்ப மூச்சு இருக்கு. இஞ்ச தாங்க."