துக்க வீட்டில் என் பாட்டு

காதில் பாட்டு இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. இங்கே மலேசியாவில், கிள்ளானில் வேலை. போகும்போதும் வரும்போதும் கொமுட்டர் ரயிலில் பாட்டு, வெங்காயம் உரிக்கும்போது பாட்டு, துணி மடிக்கும்போது பாட்டு. காதில் அந்தக் குட்டி இயர்பட் இரண்டும் எப்போதும் இருக்கும். கேட்பது பெரும்பாலும் குத்துப் பாட்டுதான். ஐம்பத்திரண்டு வயதில் இதென்ன ரசனை என்று என் தங்கை கிண்டல் செய்வாள். மெல்லிசை கேட்டால் எனக்குத் தூக்கம் வருகிறது, நான் என்ன செய்ய?

வீட்டில் ஒரு ஸ்பீக்கரும் உண்டு. இடுப்பளவு உயரம், கீழே சக்கரம், பாட மைக். தாளம் அடிக்க அடிக்க அதன் வயிற்றில் சிவப்பும் பச்சையும் நீலமுமாய் விளக்குகள் மின்னும். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஃபிளாட்டில் யார் வீட்டில் பிறந்தநாள் என்றாலும் அது லிஃப்டில் ஏறிப் போய்விடும். சாவு வீட்டுக்கும் போகும்.

மாடி வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை இறந்துபோனார். அவர் மனைவியும் நானும் பதினெட்டு வருஷமாகப் பழகியவர்கள். மறுநாள் காலை யாரும் கேட்பதற்கு முன்பே ஸ்பீக்கரைத் தள்ளிக்கொண்டு போனேன். தேவாரப் பதிகம் ஓடவிட வேண்டும் அல்லவா? விளக்கு தெரியாமலிருக்க அதன் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு மூடினோம்.

பதிகம் இறந்தவரின் மகளுடைய போனில் இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்பு வீட்டார் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு அம்பாங்குக்குப் போனவள் அவள். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதித்தது அன்றுதான். சவப்பெட்டிக்கு அருகில் அவளுக்கு யாரும் இடம் விடவில்லை. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றாள். பாட்டை ஓடவிடுவது ஒன்றுதான் அவளுக்குக் கிடைத்த வேலை. இறந்தவரின் அண்ணன்தான் எல்லாவற்றையும் முன்னின்று நடத்திக்கொண்டிருந்தார். அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாய்க்கரிசி மட்டும் போட்டுட்டுப் போயிடுறேன்மா," என்று அவள் தன் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. அம்மா தன் கணவரின் அண்ணனான மூத்தாரைப் பார்த்தார். அவர் பூமாலையைச் சரிசெய்தார்.

துக்க வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் வந்தவர்களுக்குக் காப்பி என் வீட்டில்தான். கீழே வந்து பெரிய பானையில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். கை தானாகப் போய் இயர்பட்டை எடுத்துச் செருகியது. சாவு வீட்டுக் காப்பிக்குக் குத்துப் பாட்டா என்று கேட்பீர்கள். ஆமாம். விடிந்ததிலிருந்து அழுது தலை பாரமாகிவிட்டது. ஒரே ஒரு பாட்டு என்று நினைத்துத்தான் போட்டேன்.

சீனியைக் கொட்டிக் கலக்கும்போது காதில் சத்தம் நின்றுவிட்டது. சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கூட்டினேன். கடைசிவரை கூட்டினேன். வெளிச்சத்தத்தை அடைக்கிற இயர்பட் அது, பக்கத்தில் குக்கர் விசில் அடித்தாலும் தெரியாது. சார்ஜ் இல்லையோ என்று வலது காதில் இருந்ததைக் கழற்றினேன்.

என் பாட்டு மேலே கேட்டது. தாரை தப்பட்டையோடு, வீட்டுக் கூரை அதிர அதிர.

மகளின் போனில் பேட்டரி முடிந்து பதிகம் நின்றிருக்கிறது. ஸ்பீக்கர் தனக்குப் பழகிய போனைத் தேடி, ஒரு மாடி கீழே இருந்த என் போனைப் பிடித்துக்கொண்டது. இதெல்லாம் பிறகு யோசித்துத் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் பாட்டை நிறுத்திவிட்டுப் படியேறி ஓடினேன்.

கூடத்தில் யாரும் அசையவில்லை. துண்டு நழுவிக் கீழே கிடந்தது. பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கர் விளக்குகள் பெட்டியின் வெள்ளைத் துணியில் சிவப்பும் பச்சையுமாக அடித்துக்கொண்டிருந்தன.

"அப்பன் பொணம் நடு வீட்டுல கெடக்கு, ஒனக்கு டான்ஸ் பாட்டு கேக்குதா?" என்று மகளைப் பார்த்துக் கத்தினார் அவள் பெரியப்பா. "வேணும்னே செய்யுறா! போ வெளிய!"

அவள் கையில் இருந்த போன் அணைந்து கறுப்பாக இருந்தது. அதைக் காட்ட வாயெடுத்தவள் வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். என் இடது காதில் இயர்பட் அப்படியே இருந்தது. அவள் பார்வை அங்கேயே நின்றது. புரிந்துகொண்டாள்.

"சாரி பெரியப்பா," என்று சொல்லிவிட்டு அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

யாரோ எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அது என் பாட்டு என்று சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷத்து நல்ல பெயர் போய்விடுமே என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

வாய்க்கரிசிக்குப் பெண்களைக் கூப்பிட்டார்கள். வரிசை எழுந்தது. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. வெளியே வந்தேன். அவள் லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அது என் பாட்டுமா. என் போன்லருந்து வந்துச்சு."

"தெரியும் ஆன்டி. காதுலயே இருக்கே."

"அப்புறம் ஏன் நீ சொல்லல?"

"சொன்னா மட்டும்? காலையிலருந்து என்னைய அனுப்ப ஒரு காரணம் தேடிக்கிட்டு இருந்தாங்க. கெடைச்சிருச்சு லா."

உள்ளே போனேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். "அண்ணே, அந்தப் பாட்டு என்னோடது. என் போன்தான் மாறிப் போய் ஸ்பீக்கர்ல பிடிச்சிருச்சு. அந்தப் புள்ள ஒண்ணும் செய்யல," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"நீங்களா?" என்றார் பெரியப்பா. முகம் உடனே இளகியது. "அட, அதுக்கென்னம்மா. மெஷின்தானே. நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க? மனசுல வெச்சுக்காதீங்க."

தங்கள் வீட்டு ஸ்பீக்கரும் இப்படித்தான் என்று பின்னால் ஒருவர் சொன்னார். இன்னொருவர் லேசாகச் சிரித்தார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூரை அதிர்ந்தபோதுகூட நான் இப்படி ஆடிப்போகவில்லை. அதே பாட்டு, அதே சத்தம், அதே பெட்டி. அவளுக்கு வாசல், எனக்கு ஆறுதல்.

"அப்ப அவ உள்ள வரலாம்ல அண்ணே?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வண்டி வந்துரும்மா. நேரமாச்சு. அடுத்த ஆளு வாங்க."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா அப்போதுதான் எழுந்தார். தட்டிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளினார். மூத்தாரைத் தாண்டி வாசலுக்குப் போனார். மகளின் கையைப் பிரித்து அரிசியை வைத்து மூடினார். "வா. நீ போடாம உங்கப்பாவத் தூக்க விடமாட்டேன்."

யாரும் வழிவிடவில்லை. அந்த அம்மா தோளால் இடித்து இடித்து அவளைக் கூட்டி வந்தார். அவள் அரிசி போட்டபோது பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவள் வெளியே நின்றபோது உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் நான்.