பாடலை விட்டுப்போன பெயர்

“தலை, அக்குள், தொடையிடுக்கு, பாதம். நாலும் சோப்புப் போட்டுத் தேச்சாச்சா? இல்லேல்ல? திரும்பிப் போ.”

பெண்கள் குளியலறை வாசலில் வெள்ளை ரப்பர் செருப்போடு நிற்கிறாள் ஃப்ரீதா. குளிக்காமலே நீச்சலுடையை மாட்டிக்கொண்டு நைசாகக் குளத்துக்கு நழுவப் பார்த்த ஜெர்மன்காரி, இடப்பக்கம் மழித்த ஃப்ரீதாவின் தலையையும் கறுப்புச் சாயம் பூசிய உதட்டையும் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் சோப்பை எடுக்கிறாள்.

ரேடியோவில் பாடுகிற ஃப்ரீதாவும் இவள்தான் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. ரெய்க்யாவிக்கில் யாருக்கும் அது ஆச்சரியமில்லை. பாட்டை நம்பி இங்கே யாருக்கு அடுப்பெரிந்தது? அவளுடைய குழுவில் டிரம் அடிப்பவன் மீன் ஆலையில் செதில் சுரண்டுகிறான். கீபோர்டுக்காரன் தபால் பிரிக்கிறான். இவள் இந்த நீச்சல்குளத்தில் ஊரார் உடம்பைக் கழுவ வைக்கிறாள். நான் வாசலில் டிக்கெட் கிழிக்கிறேன்.

காலையில் கதவைத் திறந்ததும் அவள் நேராக உடை மாற்றும் அறைக்குப் போய்க் குனிவாள். கடைசி பெஞ்சுக்கு முன்னால் தரை நனைந்திருக்கும். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் துடைப்பத்தைத் தொடுவாள்.

“நீச்சல்குளத்துல தரை நனைஞ்சிருக்காம, காஞ்சா கிடக்கும்?” என்று நான் கிண்டல் செய்வேன்.

“பூமிக்கடியிலேர்ந்து வர்ற நம்ம வெந்நீர் கந்தகம்தான் நாறும். இது கரிக்குதுடி. நீயே நக்கிப் பாரு.”

எனக்கென்ன தலையெழுத்தா? நான் நக்கவில்லை.

விஷயம் போன வாரம்தான் தெரிந்தது. மத்தியானம் மூன்றரை மணிதான், குளிர்காலம் என்பதால் வெளிச்சம் அப்போதே மங்கிவிட்டிருந்தது. வேலை முடிந்து இருவரும் திறந்தவெளி வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்திருந்தோம். தலைமயிரில் பனி விழுந்து உறைந்துகொண்டிருந்தது. அவளாகவே ஆரம்பித்தாள்.

அவளுடைய தாய்மாமன் ஹ்யோர்லெய்வுர், மேற்கே, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஃபியோர்டுப் பக்கத்து மீனவர். படகோடு கடலில் மூழ்கிப்போனவர், உடல்கூடக் கரைக்கு வரவில்லை. நான்கு வருஷத்துக்கு முன் அவள் கனவில் வந்து நான்கு வரிப் பாட்டு ஒன்றைச் சொன்னார். கடைசி வரியில் அவர் பெயர் இருந்தது. செத்தவர் கனவில் வந்து பெயர் சொன்னால் என்ன கேட்கிறார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். குடும்பத்தில் பிறக்கப்போகும் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்க வேண்டும்.

“எனக்கு ஏதுடி பிள்ளை? இருபது வயசு, கையில ஒரு ஓட்டைக் கிட்டார். பேரைப் பாட்டுக்கே கொடுத்துட்டேன். மாமாவும் ஒத்துக்கிட்டாரு. அப்புறம் வரல.”

அந்தப் பாட்டை ஊரே பாடியது. அப்புறம்தான் போன ஜூலையில் வெளிநாட்டு இசைத்தட்டு வேலை தொடங்கியது. எட்டுப் பாட்டையும் ஆங்கிலத்தில் திரும்பப் பாட வேண்டும். உறையாத ஊற்று என்று பொருள்படும் குழுவின் பெயரையே வெளியாருக்காகப் ‘பனிநீர்’ ஆக்கினார்கள். அட்டைப்படத்துக்குப் பனி வேண்டுமென்று, கோடை வெயிலில், மீன் கிடங்கு உப்பை மூட்டையாக வாங்கி நான்கு பேர் தலையிலும் கொட்டினார்கள். நான் பக்கத்தில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

லண்டனிலிருந்து வந்த ஆள் கனவுப் பாட்டைக் கேட்டுவிட்டு, “பாட்டு பிரமாதம். ஆனா கடைசியில வர்ற பேரு எங்க ஆளுங்க வாயில நுழையாது” என்றாராம். ஹ்யோர்லெய்வுர் போய் சைமன் வந்தது. ஆங்கில வார்த்தைகளை எங்கள் மொழி உச்சரிப்புப்படி எழுதி வைத்துக்கொண்டு முப்பத்தொரு தடவை பாடினாள். கடைசித் தடவை எல்லோரும் கைதட்டினார்கள்.

“அன்னிக்கு ராத்திரியே மாமா கனவுல வந்துட்டாரு. முழங்கால் பூட்ஸ், உள்ள தளும்பத் தளும்பத் தண்ணி. வாயத் தொறக்குறாரு, பேரு வரல. தண்ணிதான் வருது.” தலைமயிரில் உறைந்த பனியைத் தட்டிவிட்டாள். “கனவோட நிக்கலடி. மறுநாள்லேர்ந்துதான் பெஞ்சுக்கு முன்னால அந்த ஈரம்.”

அவளுடைய அக்கா ஏதீஸுக்கு ஆண் குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகிறது. ஞானஸ்நானம் வரை பெயரை வெளியே விடுவதில்லை. அன்றைக்குக் குழந்தையை ஏந்தி நின்று போதகரிடம் அதைச் சொல்லப் போகிறவள் ஃப்ரீதா என்பதால், அவளுக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள் அக்கா. அதில் சைமன் என்றிருந்தது. “உன் பாட்டுல வர்ற பேருதான்டி. ஊரெல்லாம் சுத்தப் போற பாட்டு. உனக்காகத்தான் வச்சேன்” என்று கட்டிக்கொண்டாளாம்.

“அக்காகிட்ட சொல்லித் தொலையேன்,” என்றேன்.

“விழுந்து விழுந்து சிரிப்பா. அப்புறம் அழுவா. என்னை அவ வீட்டுப் படியேத்த மாட்டா.” கழுத்து வரை வெந்நீரில் இருந்தவளுக்குப் பல் தந்தியடித்தது. “மாமாவ ஒரு தடவை ஏமாத்தியாச்சு. இனிமே வெறும் பேரைக் கேட்டு நிக்க மாட்டாரு. பிள்ளையக் கேப்பாரு.”

பயந்துபோனேன் என்று சொல்ல வெட்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்கு ஏதீஸ் வீட்டுக்கு நானும் போனேன். வாசலில் எல்லோரும் செருப்பையும் பூட்ஸையும் கழற்றி வரிசையாக வைத்திருந்தார்கள். வரிசைக் கடைசியில் ஒரு ஜோடிக்கான இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் குளம் கட்டியிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. தெருவில் பனி உருக உப்புத் தூவுகிறார்களே, அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உள்ளே காபியும் கிரீம் கேக்கும் காத்திருந்தன. கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர், பக்கத்தில் மெழுகுவர்த்தி. ஃப்ரீதா உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டு வந்திருந்தாள். சீட்டு அவள் கைக்குள் கசங்கியிருந்தது.

“பிள்ளைக்கு என்ன பேரு?” என்றார் போதகர்.

ஃப்ரீதா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. எதிரே ஏதீஸ் சிரித்த முகத்தோடு, சைமன் என்று உதட்டை மட்டும் அசைத்து எடுத்துக் கொடுத்தாள். போதகர் இன்னொரு தடவை கேட்டார்.

“ஹ்யோர்லெய்வுர்.”

மேடையில் பாடுகிற குரல் அது. கோப்பைகள் அதிர்ந்த மாதிரி இருந்தது. ஏதீஸின் சிரிப்பு கலையக்கூட மறந்து அப்படியே நின்றது. போதகர் காதில் விழுந்த பெயரைச் சொல்லி மூன்று கை தண்ணீர் ஊற்றினார். சொன்னது சொன்னதுதான், திரும்ப எடுக்க முடியாது.

“என்னடி பண்ணின? ஃப்ரீதா, என்ன பண்ணிட்ட?” ஏதீஸ் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஃப்ரீதா காலுறையோடு வாசலுக்கு நடந்து போய்க் கதவை விரியத் திறந்தாள். பனிக்காற்று உள்ளே அடித்து மெழுகுவர்த்தி அணைந்தது. “குழந்தை இருக்கு, கதவை மூடு!” என்று நாலு பேர் கத்தினார்கள். அவள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு நின்றாள். ஓர் ஆள் குனிந்து, முழங்கால் பூட்ஸ் இரண்டையும் இழுத்து மாட்டிக்கொண்டு கிளம்ப எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் கதவைத் திறந்தே பிடித்திருந்தாள்.