மோட்டார் ரூம் சாவி

இன்று காலை கொத்தமல்லிச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு குரல் செய்தி வந்தது. வந்தது கடல் தாண்டிய ஒரு நாட்டிலிருந்து. ஆனால் தமிழ் என்னவோ அசல் தாம்பரம் ஆட்டோ ஸ்டாண்டுத் தமிழ்.

"அக்கா, இன்னா பண்ற? அந்த மோட்டார் ரூம் சாவி இன்னும் கீதா? ஒரு போட்டோ புடிச்சி அனுப்பு அக்கா. கூட்டத்துல காட்டணும்."

டோனி! மிக்ஸியை நிறுத்தியவள் மறுபடி போடவே மறந்துவிட்டேன். சட்னியில் பாதி மிளகாய் முழுசாகக் கிடந்ததைப் பற்றி என் வீட்டுக்காரர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

டோனி என்பது நாங்கள் வைத்த பெயர். நிஜப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. நாட்டின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் இப்போது செய்கிற வேலை அப்படி. அங்கே காலங்காலமாகப் பட்டாளத்தின் ஆட்சி. இப்போது சீருடைக்குப் பதிலாகக் கோட்டு போட்டுக்கொண்டிருக்கிறார்கள், பின்னால் நிற்கிற துப்பாக்கி அதேதான். அவர்களை எதிர்த்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் புதிதாகக் கட்சி தொடங்கித் தேர்தலில் நிற்கிறார். இவன் அவருக்காகத் தெருத்தெருவாகப் பேசிக்கொண்டிருக்கிறான்.

சேலையூரில் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் அவன் குடியிருந்தான். இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இன்ஜினியரிங். எனக்கு அப்போது கேம்ப் ரோட்டில் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலை. பெயர்தான் சூப்பர்வைசர், நாளெல்லாம் பார்த்த வேலை பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவுவது. சாயங்காலம் நான் வீடு திரும்பும்போது மாடியிலிருந்து பூண்டு கருகும் வாசனை வரும். பூண்டைக் கருக்கித்தான் தின்பார்களாம் அவர்கள் ஊரில். இப்போதும் எந்த வீட்டிலாவது பூண்டு தீய்ந்தால் நான் அண்ணாந்து மாடியைப் பார்க்கிறேன்.

அண்ணாந்து பார்ப்பது என்றதும் விமானம் ஞாபகம் வருகிறது. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போகும். எங்களுக்கு அதுவும் காக்காயும் ஒன்று. டோனி மட்டும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுச் சுவரோரம் ஒண்டுவான். முதலில் நான் சிரித்தேன். அவன் ஊரில் பட்டாளத்து விமானம் வந்தால் குண்டு விழும் என்று தெரிந்த பிறகு சிரிக்கவில்லை.

எங்கள் காலனிக்கும் ஒரு பட்டாளத்துக்காரர் இருந்தார். சுபேதாராக ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் மிலிட்டரி சார். காலனிச் சங்கத்துக்கு நிரந்தரச் செயலாளர். பொதுக் கிணற்றின் மோட்டார் ரூம் அவர் கையில். கிரீஸும் ஈரப்பாசியும் கலந்து நாறும் அந்தச் சின்ன அறையின் சாவி, சிவப்புக் கயிற்றில் கோத்து அவர் இடுப்பில் தொங்கும். விடிகாலை விசில் ஊதித் தண்ணீர் விடுவார், இன்னொரு விசில் ஊதி நிறுத்திவிடுவார். நடுவில் பல் தேய்த்துக்கொண்டிருந்தால் நம் தலையெழுத்து.

எங்கள் தெருச் சரிவின் கோடியில் மும்தாஜ் அக்கா வீடு. அங்கே தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் இரண்டாவது விசில் அடித்துவிடும். குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று. அக்காவின் வீட்டுக்காரர் பீரோக் கடை வைத்திருந்தார். வம்புக்குப் போகாத மனுஷர். அக்காவும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

வருஷக் கூட்டம் மோட்டார் ரூம் பக்கத்து வேப்பமரத்தடியில் நடக்கும். மிலிட்டரி சார் எழுந்து, "செக்ரட்டரியா நானே கன்டினியூ பண்றேன். எனி அப்ஜெக்‌ஷன்?" என்பார். எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்ப்போம். தேர்தல் முடிந்துவிடும். அந்த வருஷம் மட்டும் இடுப்பில் காலிக் குடத்தோடு மும்தாஜ் அக்கா எழுந்தார்.

"இருக்கு சார். எனக்கு அப்ஜெக்‌ஷன் இருக்கு. நானே நிக்கறேன்."

வேப்பமரத்துக் காக்காய்கூட வாயை மூடிக்கொண்டது. மிலிட்டரி சார் மீசையைத் தடவினார். "நில்லும்மா. யார் வேணாம்னாங்க? அடுத்த ஞாயித்துக்கிழமை ஓட்டு."

ஓட்டுச்சீட்டெல்லாம் யாருக்கும் தோன்றவில்லை. சாருக்குப் புளியங்கொட்டை, அக்காவுக்குக் கொண்டைக்கடலை என்று முடிவானது. கோலமாவுக் கிண்ணங்களில் இரண்டையும் வைத்து, துணியால் மூடிய எவர்சில்வர் குடத்துக்குள் கையை விட்டு ரகசியமாகப் போட வேண்டும். கடலை அக்கா வீட்டில் சுண்டலுக்கு ஊறப்போட்டிருந்தது. கேட்டீர்களா கூத்தை? நாங்கள் படித்தவர்கள் வேறு!

நான் போய்த் தைரியமாகக் கடலையைப் போட்டுவிட்டு வந்தேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த டோனி முகம் வெளுத்து என் கையைப் பிடித்தான்.

"அக்கா, நீ யாருக்குப் போட்டன்னு எனக்குத் தெரியும்."

"எப்படிடா?"

"சவுண்டு. புளியங்கொட்டை ணங்குன்னுது. உன்னுது தொப்புன்னுது. எல்லாருக்கும் கேக்குது. அவுருக்கும் கேக்கும்."

எங்களில் ஒருவர் காதிலும் அந்தச் சத்தம் விழவில்லை பாருங்கள். பயந்து வளர்ந்தவனுக்குத்தான் அது கேட்டிருக்கிறது. அவன் மாடிக்கு ஓடித் தன் பச்சை பிளாஸ்டிக் குடத்தை எடுத்து வந்து, அடியில் துண்டை மடித்துப் போட்டான்.

"ஏம்ப்பா குடத்த மாத்தற?" என்று மிலிட்டரி சார் எழுந்து வந்தார். டோனி சத்த விஷயத்தைச் சொன்னான். அவர் கடகடவென்று சிரித்துவிட்டார். "பீரங்கிப் பக்கத்துலயே நின்னு இந்தக் காது என்னிக்கோ போச்சுடா! ஆனா நீ சொல்றது கரெக்ட். எல்லாரும் முதல்லேர்ந்து போடுங்க."

மும்தாஜ் அக்கா ஒரு கைப்பிடிக் கடலை வித்தியாசத்தில் ஜெயித்தார். நாங்கள் கைதட்டினோம். டோனி தட்டவில்லை.

"சாவி குடுக்கலன்னா இன்னா பண்ணுவீங்க?" என்றான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "குடுக்காம எங்கடா போவாரு?"

மறுநாள் விடிகாலை விசில் சத்தம் இல்லை. நான் வாசலுக்கு வந்தேன். இஸ்திரி போட்ட சட்டையோடு மிலிட்டரி சார் சரிவில் நடந்துபோய் அக்கா வீட்டுக் கேட்டைத் தட்டினார். "இந்தாம்மா. மோட்டார் சீக்கிரம் சூடாயிடும், பாத்துப் போடு. ஏர் லாக் ஆனா என்னைக் கூப்பிடு." சிவப்புக் கயிற்றோடு சாவி கை மாறியது. அக்கா, "டீ குடிச்சிட்டுப் போங்க சார்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. நான் கோலம் போடப் போய்விட்டேன்.

தெருமுனையில் டோனி வாயில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தான். நுரை சட்டையில் வழிந்ததுகூடத் தெரியாமல் அழுதுகொண்டிருந்தான். அவன் அழுததால்தான் நான் பார்த்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. அந்தக் கண்ணீருக்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். மிலிட்டரி சாருக்கும்தான். உயிரோடு இருந்தபோது அவரிடம் சொல்லியிருக்கலாம். அதில் என்ன இருக்கிறது என்று அவர் திட்டியிருப்பார்.

இன்று மத்தியானம் பழைய காலனிக்குப் போனேன். மோட்டார் ரூம் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடம். வேப்பமரம் இல்லை, கிணறு தூர்ந்துவிட்டது, வாசலில் தண்ணீர் லாரி நிற்கிறது. பொழிச்சலூரில் மகனோடு இருக்கும் மும்தாஜ் அக்காவுக்குப் போன் போட்டேன். "சாவியா? நான் எனக்கப்புறம் ஜெயிச்சவர்கிட்ட குடுத்தேன், அவர் அடுத்தவர்கிட்ட. எங்க போச்சோ யார் கண்டா?" என்று சிரித்தார்.

டோனியைக் கூப்பிட்டேன். பின்னால் ஒலிபெருக்கிச் சத்தம்.

"சாவி இல்ல தம்பி. ரூமே இல்ல."

"பரவால்ல அக்கா. நானே வாயால சொல்லிக்கிறேன்."

"உங்க வாத்தியார் ஜெயிப்பாராடா?"

"ஜெயிச்சிடுவாரு அக்கா. ஜனம் அப்டி வருது. அதுல பேஜாரே இல்ல." ஒலிபெருக்கியை விட்டுத் தள்ளிப் போய்க் கேட்டான். "சாவி குடுப்பாங்களா அக்கா?"

குடுக்காம எங்கடா போவாங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அன்றைக்கு அத்தனை சுலபமாக வந்த சிரிப்பு வரவே இல்லை.