தவசியும் அவன் வாய்க்குள் இருந்தவர்களும்

ஒரு கடலிலே ஒரு தகப்பன் இருந்தானாம். தாய் முட்டையைப் போட்டுவிட்டுத் தன்பாட்டில் போய்விட, அவன் அத்தனையையும் வாய்க்குள் வாங்கி வாயை இறுக மூடிக்கொண்டானாம். பிள்ளைகள் பொரித்து, நீந்திப் பழகி, வெளியே வரும்வரை ஒரு பருக்கைகூடச் சாப்பிடவில்லையாம். அம்மப்பாவின் கதைகள் இப்படித்தான் தொடங்கும். அவரிடம் ராசாவும் அரக்கனும் வந்த இடத்தில் எனக்கு மீன் வந்திருக்கிறது. ஆனால் இது கதையில்லை, என் தொழில். கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுப் பொக்ஸ் ரூம் என்கிற குட்டி அறையில் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்து, பங்காய் கார்டினல் என்ற மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறேன். விரல் நீளம்கூட வராது. வெள்ளி உடம்பு, கறுப்புப் பட்டி. எங்கள் வீட்டு ஆண் மீனுக்கு நான் வைத்த பெயர் தவசி.

வீட்டிலிருந்தபடி கேக் அடித்து விற்கிறவர்களே, பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவர்களே, நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே நடந்திருக்கும். மற்றப் பாதி நடக்கத் தொட்டி வேண்டும்.

தவசியையும் ஒரு பெண் மீனையும் டூட்டிங்கில் மோகன் அண்ணையின் மீன் கடையில் வாங்கினேன். கடலில் பிடித்த மீனை, பைத் தண்ணீர் கெடாதிருக்கப் பட்டினி போட்டு, பையில் கட்டி, விமானத்தில் அனுப்பிய பெட்டியில் வந்தவை. திறக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். பாதி மீன் மிதந்தது. செத்ததை வலையால் அள்ளி வாளியில் போட்டுக்கொண்டே, "இது வழமைதான் தங்கச்சி" என்றார். வீட்டிலேயே குஞ்சு எடுக்கலாமே என்று கேட்டேன். சிரித்தார். "ஒரு ஈத்துக் குஞ்சை வளர்த்துக் காட்டும் பாப்பம். அதோட நான் உந்தப் பெட்டி இறக்கிறதை நிப்பாட்டுறன்" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வாய் நிறைய முட்டை உள்ள மீன் பயந்தால் முட்டையைத் துப்பும், அல்லது விழுங்கும். தவசி இரண்டு முறை விழுங்கிவிட்டான். மூன்றாம் முறை அவன் வாயை மூடியபோது, இந்தமுறை ஒருவரையும் அவனைப் பயப்படுத்த விடுவதில்லை என்று நினைத்தேன். எனக்குக் குரல் சின்னது. கோபம் வந்தால் இன்னும் சின்னதாகிவிடும். அதுதான் பிழையாகிப்போனது.

அண்ணை எங்கை?

முந்திக் குஞ்சு எடுத்து வளர்த்த கோமாளி மீன்கள் சில விற்க இருந்தன. வெம்பிளியிலிருந்து ஒருவர் வந்தார். கதவைத் திறந்தது நான். மீன் விற்கிறது நான்தான் என்றும் சொன்னேன். தலையாட்டிவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, என்ன சாப்பிடும் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் கேள்விகளை எல்லாம் சோபாவில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டார். பெற்றோல் அடிக்கிற செட்டில் ஷிப்ட் முடித்து வந்த மனிதன் அவர். "தம்பி, எனக்கு மீன் எண்டாப் பொரியலும் குழம்பும்தான் தெரியும்" என்றார் பாவம். "நீங்கள் பகிடி விடுறியள்" என்று வந்தவர் இன்னும் கிட்டப் போய் இருந்தார்.

கடைசியில் அப்பா என்னைக் கைகாட்டினார். "உவதான் எல்லாம். உவவைக் கேளுங்கோ." வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எழுந்து சப்பாத்தைப் போட்டபடி அவர் சொன்னார்: "பரவாயில்லை, உங்கடை அண்ணை வந்தாப் பிறகு வாறன்."

விரதக்காரன்

ஆர்ச்வே முருகன் கோயிலிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள் மாமியும் மாமாவும். மாமி அப்பாவின் தங்கை. தொட்டியைப் பார்த்ததும், "உந்த மீனுக்கு என்ன, தாடை வீங்கிக் கிடக்கு? ஏன் பிள்ளை சாப்பாடு குடுக்காமல் கொல்லுறாய்?" என்று கையிலிருந்த வடையில் ஒரு துண்டைக் கிள்ளினார். மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். நிறுத்தித் திரும்புவதற்குள் மாமா கார்த் திறப்பால் கண்ணாடியில் டக் டக் என்று தட்டுகிறார், மீனைக் கூப்பிடுகிறாராம்! தவசி வெட்டி இழுத்துக்கொண்டு கல்லுக்குப் பின்னால் போனான். திறப்பைப் பறித்து என் ஜீன்ஸ் பொக்கற்றில் போட்டேன். "தட்டாதேங்கோ" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

கல்லுக்குப் பின்னாலிருந்து தவசி தலையை நீட்டினான். வாய் இன்னும் உப்பித்தான் இருந்தது. பிறகுதான் மூச்சு விட்டு விளக்கம் சொன்னேன்: இது ஆண், வாய்க்குள் பிள்ளைகள், அதனால்தான் சாப்பாடு இல்லை. மாமி வடையைத் தட்டில் வைத்துவிட்டுத் தொட்டியை ஒருமுறை பார்த்தார், மாமாவை ஒருமுறை பார்த்தார். "உங்களுக்கு ஒருநாள் சஷ்டி பிடிக்கச் சொன்னால் நெஞ்செரியுது எண்டுறியள்."

வெள்ளிக்கிழமைப் புகை

இதை வேறு நாட்டு மீன்காரருக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா சாம்பிராணித் தட்டோடு அறை அறையாகப் போவார். பொக்ஸ் ரூம் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். சாமி அறைக்கும் கக்கூசுக்கும்கூடக் காட்டுகிற புகையைப் பிள்ளையின் அறைக்குக் காட்டாமல் விட அவருக்கு மனம் வரவில்லை. தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டர் அறைக்குள் இருக்கிற காற்றைத்தான் இழுக்கும். நான் ஓடிவந்து பார்த்தபோது அறை வெள்ளையாகக் கிடந்தது. மோட்டர் அந்தப் புகையை இழுத்துக் குமிழி குமிழியாகத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தது.

தவசி மேலே வந்து நின்று செவுளை அடித்தான். வாயைத் திறந்து மூச்சு வாங்க வேண்டும். திறந்தால் பிள்ளைகள் போய்விடும். மோட்டரைப் பிடுங்கி, ஜன்னலைத் திறந்து, கவுன்சில் கடிதம் ஒன்றை எடுத்து விசிறினேன். பிறகு காற்றுச் சேர, ஒரு கோப்பையால் தொட்டித் தண்ணீரையே அள்ளி அள்ளி ஊற்றினேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அவன் திறக்கவில்லை. புகை போகப் போக மெல்ல மெல்லக் கீழே இறங்கினான். "இனி இந்த அறைக்குள்ளை தட்டோட வந்தால் நான் வீட்டை விட்டுப் போயிடுவன்" என்றேன். அம்மா வாசலில் தட்டோடு நின்றபடி கேட்டார்: "சாமிக்குக் காட்டுற புகை சாமி படைச்ச மீனுக்கு ஆகாதோ?"

ஒரே ஒரு ஷாட்

சென்னையிலிருந்து வந்து இங்கே ஐடியில் வேலை செய்யும் ஒருவர். மரியாதையான பிள்ளை, சப்பாத்தை வெளியிலேயே கழற்றினார். மீன் வாங்க வரவில்லை, பார்க்கத்தான் வந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். "ஆமா, படிச்சிருக்கேன்" என்றார். சரி, ஒரு மனிதன் அகப்பட்டான் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கையில் போனை எடுத்து வெளிச்சத்தைப் போட்டு, தவசியின் முகத்துக்கு நேரே பிடித்தார். உள்ளங்கையால் லென்ஸைப் பொத்தினேன். அவருக்கு என்ன பிழை என்றே விளங்கவில்லை. அவ்வளவு பணிவாகக் கேட்டார்: "ஒரே ஒரு செகண்ட், வாயைத் திறக்கச் சொல்லுங்களேன்?"

கழுவின போத்தல்

ஒரு காலையில் தவசியின் வாய் ஒட்டியிருந்தது. விழுங்கிவிட்டான் என்று நினைத்து அப்படியே தரையில் இருந்துவிட்டேன். பிறகு கண்டேன். இந்தக் குஞ்சுகள் கடலில் முள்ளுமுள்ளாயிருக்கும் ஒரு பிராணியின் முட்களுக்குள்தான் ஒளியும். அதற்காக வயர் கட்டுகிற கறுப்புக் கேபிள் டைகளைக் கட்டி ஒரு முள்ளுப் பந்து செய்து போட்டிருந்தேன். அந்த முட்களுக்கிடையே கடுகளவு கண்களோடு, தகப்பனைப் போலவே பட்டி போட்ட குஞ்சுகள். கத்தவும் முடியாது, பயந்துவிடும். வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்கு ஓடினேன், சாப்பாடு எடுக்க.

அவை உயிரோடு நீந்துகிற சாப்பாடுதான் தின்னும். அதற்காக உப்புத் தண்ணீர்ப் போத்தலில் தூசி மாதிரி இறால் குஞ்சுகளைப் பொரிக்க வைத்திருந்தேன். போத்தல் தலைகீழாக, பளபளவென்று, கோப்பைகளோடு காய்ந்துகொண்டிருந்தது. அப்பா பெருமையோடு நின்றார். "ஊத்தைத் தண்ணி எண்டு ஊத்திப்போட்டன் பிள்ளை. மணம் போக ரெண்டுதரம் கழுவினனான்." புதிதாகப் பொரிக்க ஒரு நாளாவது வேண்டும். குஞ்சுகள் அதுவரை தாங்காது. அப்பாவை ஏசக்கூட நேரமில்லை.

ரயில் மாறி டூட்டிங் போனேன். மோகன் அண்ணையின் கடையில் எப்போதும் ஒரு போத்தல் பொரித்தபடி இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் நம்பாமல் சிரித்தார். ஆனால் தந்தார், காசும் வாங்கவில்லை. அந்தப் போத்தலைப் பிள்ளையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு கடையால் இறங்க, பின்னாலிருந்து குரல் வந்தது: "பிறகு மறந்துபோகாதேயும். உம்மடை மீனுக்கு முதல் சோறு போட்டது நான்."

வெறும் வாளி

குஞ்சுகளைத் தனித் தொட்டிக்கு மாற்றினேன், வளர்ந்தன. உறைய வைத்த சாப்பாட்டுக்கும் பழகின. கையைத் தண்ணீருக்குள் விட்டால் விரலைச் சுற்றி வரும். மோகன் அண்ணை குஞ்சுகளை வாங்க இரண்டு வாளியோடு வந்தார். தொட்டிக்கு முன்னால் குனிந்து கனநேரம் பார்த்தார். "மெய்யாத்தான். சாதிச்சுப்போட்டீர் தங்கச்சி" என்றார். அந்த ஒரு நிமிடம் நல்ல நிமிடம்தான். பொய் சொல்லக்கூடாது.

பிறகு அவர் கண் மற்றத் தொட்டிக்குப் போனது. அங்கே தவசி திரும்பவும் வாய் நிறைய நின்றான். "உவனையும் பிடியும். என்ரை கஸ்டமர் ஒராள் ரெஸ்டோரண்ட் திறக்கிறார். வாய்க்குள்ளை பிள்ளை வைச்சிருக்கிற மீன் எண்டால் சனம் வந்து பாக்கும்." இப்போது பிடித்தால் விழுங்கிவிடுவான் என்றேன். "விழுங்கினால் விழுங்கட்டன். அடுத்தமுறை போடுவான்தானே. அண்டைக்கு நான் சாப்பாடு தராட்டி உதுகள் இருக்குமே? உவன் இல்லாட்டிக் குஞ்சும் எனக்கு வேண்டாம். திங்கட்கிழமை எனக்குப் பெட்டி வருது." பெட்டியா? குஞ்சு வளர்த்துக் காட்டினால் பெட்டி நிப்பாட்டுவன் எண்டு சொன்னனீங்கள் அல்லோ என்று கேட்டேன். "அது சும்மா ஒரு கதைக்குச் சொன்னது" என்றார்.

எல்லாரையும் போல அவரும் அப்பாவிடம் திரும்பினார். "அண்ணை, பிள்ளைக்கு நீங்களாவது சொல்லுங்கோவன்." அப்பா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "தம்பி, மீன்காரி அவதான். எனக்குப் போத்தல் கழுவத்தான் தெரியும்." மோகன் அண்ணை வாளிகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னாலேயே போனேன். பொக்ஸ் ரூம் கதவைச் சாத்தினேன். முன்கதவையும் சாத்தினேன். கேற்றைத் தாண்டி நடைபாதைக்கு வந்து, தவசிக்குக் கேட்காது என்று நிச்சயமான பிறகு கத்தினேன். செத்து மிதந்த மீனைச் சொல்லிக் கத்தினேன், கதைக்குச் சொன்ன கதையைச் சொல்லிக் கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. காரடியில் நின்று வாயைப் பிளந்தபடி பார்த்த மோகன் அண்ணை கேட்டார்: "உந்தக் குரலை இவ்வளவு நாளும் எங்கை வைச்சிருந்தனீர்?"

வெறும் வாளிகளைக் காருக்குள் எறிந்துவிட்டு அவரும் போனார். ஆகவே வாங்க விரும்புகிறவர்களுக்கு ஒரே வசனத்தில் சொல்கிறேன்: நல்ல குஞ்சுகள் இருக்கின்றன, தகப்பன் விற்பனைக்கு இல்லை, நீங்கள் தேடுகிற அண்ணை எங்கள் வீட்டில் பிறக்கவேயில்லை.