என் மகளின் பாதம் தரையில் பட்ட நாள்

என் மகள் தர்ஷினி பிறந்தபோது அழவில்லை. பிள்ளை அழாமல் பிறந்தால் பெற்றவள் எவ்வளவு அழ வேண்டியிருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு வயதில் அவளுக்குக் கழுத்து நிற்கவில்லை. இரண்டு வயதில் உட்காரவில்லை. கைகள் எப்போதும் பொத்தினபடியே இருக்கும். கால்கள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். புசல்லாவையில் பஸ் ஏறி, கண்டியில் பெரிய டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். மூளைவாதம் என்றார். இதற்கு மருந்து இல்லை, பயிற்சிதான் செய்ய வேண்டும் என்றார். மருந்து இல்லை என்றது மட்டும்தான் என் காதில் விழுந்தது. பயிற்சிக்கு வரச்சொல்லி அவர் எழுதித் தந்த துண்டைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்தேன். கொப்பியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

நான் புஷ்பராணி. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். என் வாய் கொஞ்சம் நீளம் என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். சாமியிடமும் நான் அப்படித்தான் பேசுவேன். ஆனால் அந்த நாட்களில் எனக்குப் பேச்சே வரவில்லை. நானும் பிள்ளையும் இல்லாமல் போய்விட்டால் எல்லோருக்கும் நல்லது என்று நினைத்த நாட்களும் உண்டு. இதை மறைத்து எழுதினால் இது சாட்சி இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அவளுக்கு இரண்டரை வயதாக இருந்தபோது ஆடித் திருவிழா வந்தது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் முன்னால், கரகம் இறங்கிய நேரத்தில், எல்லோரும் கேட்க ஒரு நேர்த்தி வைத்தேன். "தாயே, எம்புள்ள நடந்து ஒன் வாசலுக்கு வர்ற வரைக்கும் அவ பாதம் தரையில படாது. நானே சொமப்பேன்" என்றேன். பூசாரி ஐயா மஞ்சள் துண்டைக் கட்டிய காப்பை என் கையில் கட்டிவிட்டார்.

சொன்னபடி செய்தேன். வேலைக்குப் போவதை விட்டேன். மற்றப் பிள்ளைகளைத் தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிற பிள்ளை மடுவத்தில் விட்டுப் போவார்கள். நான் என் பிள்ளையை அங்கே விடவில்லை. கீழே இறக்கிவிட்டால் என்ன செய்வது? கடைக்குப் போனாலும் தண்ணீர் எடுக்கப் போனாலும் கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போவேன். வீட்டில் கட்டில், இல்லாவிட்டால் என் மடி. மடியில் மல்லாக்கப் படுக்க வைத்துத்தான் சோறு ஊட்டுவேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறை. இப்படி ஒரு தாய் உண்டா என்பார்கள். உள்ளதைச் சொன்னால் எனக்கும் அது பிடித்திருந்தது. இரண்டு வருஷம் இப்படி ஓடியது.

நாலரை வயதில் அவளுக்கு நெஞ்சுச் சளி கட்டியது. மூச்சு இழுத்தது. கண்டியில் வார்ட்டில் சேர்த்தோம். பத்து நாள் இருந்தோம். ஊட்டும் சோறு சுவாசக் குழாய்க்குள் போயிருக்கிறது என்றார்கள். என் கையால் ஊட்டின சோறு! அதோடு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இடது தொடை எலும்பு இடுப்புக் கிண்ணத்தை விட்டு விலகத் தொடங்கியிருக்கிறது என்றும் சொன்னார்கள். இந்தத் தடவை டாக்டர் துண்டு எழுதித் தந்ததோடு நிற்கவில்லை. வார்ட்டில் இருந்த நர்ஸ் மிஸ்ஸியையே கூட அனுப்பி, டவுனுக்கு வெளியே இருந்த ஒரு பயிற்சி நிலையத்துக்கு எங்களைக் கொண்டுபோய் விட்டார்.

அங்கே பிள்ளைகளுக்கு மட்டும் பயிற்சி இல்லை, தாய்க்கும் தகப்பனுக்கும்தான் முதல் பயிற்சி. நஸ்ரினா மிஸ் என்று ஒருவர் நடத்தினார். அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் பெண். என் வயதுதான் இருக்கும். முதல் நாளே எங்கள் ஏழு தாய்மாரையும் ஒரு உயரமான மேசையில் ஏற்றி, கால் தொங்க உட்கார வைத்தார். ஆளுக்கொரு ஊசியும் நூலும் தந்தார்.

"சாயாம, பிடிக்காம நூல் கோருங்கோ பாப்பம்" என்றார்.

கோர்க்க முடியவில்லை. உடம்பு ஆடுகிறது, கை நடுங்குகிறது. எல்லோரும் சிரித்தோம். பிறகு காலுக்குக் கீழே ஒரு பலகையைத் தள்ளி வைத்தார். பாதம் ஊன்றியதும் கை நின்றது. நூல் போனது.

"வெளங்கினா? கால் ஊண்டாட்டிக் கைக்கு வேல ஏலாது. உங்கட புள்ளக்கிம் அப்படித்தான்" என்றார் மிஸ்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு வருஷமாக நான் அவளுடைய காலை மட்டுமா தூக்கி வைத்திருந்தேன்?

பிறகு தர்ஷினியைத் தொட்டுப் பார்த்தார். எப்படித் தூக்குவது, எப்படி ஊட்டுவது என்று காட்டித் தந்தார். காலைச் சேர்த்துத் தோளில் போடாமல், விரித்து இடுப்பில் வைக்க வேண்டும். மல்லாக்கப் போட்டு ஊட்டாமல், நிமிர்த்தி, நாடியைக் கொஞ்சம் தாழ்த்தி ஊட்ட வேண்டும். இதெல்லாம் சரி என்றேன். கடைசியில், ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் பாதத்தைத் தரையில் ஊன்றி, பலகையில் கட்டி நிற்க வைக்க வேண்டும் என்றார். நான் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டேன். நேர்த்தியைச் சொன்னேன். சாகிற வரைக்கும் சுமப்பேனே தவிர இறக்க மாட்டேன் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. மற்றத் தாய்மார் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மிஸ் கோபிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "புஷ்பா, நேத்தி எண்டா லேசான காரியமில்ல. அத உடச் சொல்லி நான் சொல்லவும் மாட்டேன். ஆனா பாரம் ஊண்டாட்டி இந்த இடுப்பு முழுசா விலகிரும். பொறவு புள்ளக்கி ஒழுங்கா இரிக்கவும் ஏலாது, நோவும் ஈக்கும். நீங்க உங்கட சாமிக்கிட்டயே கேட்டுட்டு வாங்கோ. நான் துஆ செய்றேன்" என்றார்.

வேறு சாமியைக் கும்பிடுகிற ஒருத்தி, உன் சாமியிடம் போய்க் கேள் என்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னால் என் வீட்டுக்காரர் சிவா பயந்துபோனார். அவர் கண்டியில் ஒரு மரக்கடையில் வேலை. மனுஷன் எதற்கும் அதிர்ந்து பேச மாட்டார். "வேணாம் புள்ள. சாமி குத்தமாயிரும். ஊரு முன்னாடி சொன்ன வாக்கு" என்றார்.

"சாமி குத்தத்த நா பாத்துக்குறேன். இடுப்பு வெலகுனா நீங்க பாத்துக்குவீங்களா?" என்று கேட்டேன். அவர் சாப்பிடாமல் எழும்பிப் போனார். நானும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மூன்று நாள் நானும் அம்மனும் சண்டை பிடித்தோம். "நீ குடுத்த புள்ள. ஒன்ன நம்பித்தான் வாக்குக் குடுத்தேன். இப்ப வாக்கக் காப்பாத்தவா, புள்ளயக் காப்பாத்தவா? வாயத் தொறந்து சொல்லு" என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சிவாவையும் கூட்டிக்கொண்டு பூசாரி ஐயாவிடம் போனேன்.

அவர் யோசித்துவிட்டு, "பூக்கட்டிப் பாத்துருவோம் ஆயி" என்றார். உங்களுக்குத் தெரியும், எங்கள் கோயில்களில் உத்தரவு கேட்பது இப்படித்தான். ஒரு இலையில் வெள்ளைப் பூ, ஒரு இலையில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை.

ஐயா இரண்டு பொட்டலத்தையும் சிவப்பு நூலால் கட்டி வைத்தார். வெளியே விளையாடிக்கொண்டிருந்த ஒரு பொம்பிளைப் பிள்ளையைக் கூப்பிடப் போனார். எனக்குள்ளே எங்கிருந்து வந்தது என்று தெரியாது, "வேணாங்க ஐயா. இது எம்புள்ளயோட காலு. அவளே எடுக்கட்டும்" என்றேன்.

"அது எப்புடி ஆயி எடுக்கும்?" என்றார் ஐயா. சிவாவும் என் கையைப் பிடித்தார்.

தர்ஷினி என் மடியில் இருந்தாள். பொட்டலங்கள் அவளுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தன. அவளுக்கு ஆசை. சிவப்பு நூலைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஆனால் உடம்பு வில்லாக வளைந்து பின்னுக்குப் போகிறது. கை பொத்தியபடி தலைக்கு மேலே போகிறது. ஒரு தடவை, இரண்டு தடவை, பத்துத் தடவை. வியர்த்துவிட்டது பிள்ளைக்கு. "போதும் ஆயி" என்றார் ஐயா.

அப்போதுதான் மேசையில் கால் தொங்க உட்கார்ந்து ஊசியோடு நான் பட்ட பாடு ஞாபகம் வந்தது. என் பிள்ளை உத்தரவு கேட்க வேண்டுமென்றால் கையை நீட்ட வேண்டும். கையை நீட்ட வேண்டுமென்றால் கால் தரையில் பட வேண்டும். அம்மனைப் பார்த்தேன். "தாயே, ஒளிச்சு மறச்சுச் செய்யல. ஒன் கண்ணு முன்னாடியே வைக்கிறேன். குத்தமுன்னா எனக்குக் குடு, புள்ளைக்குக் குடுக்காத" என்றேன். பொட்டலங்களுக்குப் பக்கத்திலேயே மண்டபப் படியில் உட்கார்ந்து, அவளை என் முழங்கால்களுக்கு நடுவே நிமிர்த்தி வைத்து, மிஸ் காட்டித் தந்த மாதிரியே இரண்டு காலையும் விரித்து, பாதத்தைச் சீமெந்துத் தரையில் அழுத்திப் பிடித்தேன்.

தரை சில்லென்று இருந்திருக்க வேண்டும். பிள்ளை ஒரு தரம் திடுக்கிட்டாள். பிறகு உடம்பு இளகியது. கழுத்து நின்றது. வலது கை மெல்ல மெல்ல முன்னுக்கு வந்தது. பொத்தின விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. ஒரு பொட்டலத்தின் மேல் கையை வைத்து இழுத்தாள்.

ஐயா பிரித்தார். வெள்ளை.

சிவா தரையில் விழுந்து கும்பிட்டார். ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்த காப்பை அவிழ்த்தார். ஆனால், அன்பானவர்களே, எனக்குப் பதில் வெள்ளைப் பூவில் வரவில்லை. ஐயா பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே வந்துவிட்டது. நாலரை வயதுப் பிள்ளை, தனக்கு வேண்டிய ஒன்றைத் தன் கையால் எட்டி எடுத்தது அன்றைக்குத்தான். மூன்று நாள் வாயைத் திற, வாயைத் திற என்று அம்மனைக் கேட்டேன். அவள் என் பிள்ளையின் கையைத் திறந்து காட்டினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது என்று சொன்னால் பொய். புதன்கிழமைகளில் விடியப் பஸ் ஏறி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போவோம். நிற்க இடமில்லாத பஸ்ஸில் பிள்ளையோடு நின்றிருக்கிறேன். இவ்வளவு பெரிய பிள்ளையை ஏன் தூக்கி வைத்திருக்கிறாய், இறக்கிவிடு என்று திட்டியவர்களும் உண்டு, எழும்பி இடம் தந்தவர்களும் உண்டு. சிவா, மிஸ் கீறித் தந்த படத்தை வைத்து, மரக்கடைத் துண்டுப் பலகையிலேயே அவளுக்கு ஒரு கதிரையும் நிற்கும் பலகையும் செய்தார். முதல் கதிரை கோணல். இரண்டாவது கதிரையில் நானே உட்காரலாம், அவ்வளவு பெரியது. மூன்றாவதுதான் சரிவந்தது. நிற்கும் பலகையில் கட்டினால் முதல் மாதம் முழுக்க அழுதாள். நானும் கூடவே அழுதேன், ஆனால் அரை மணித்தியாலம் முடியாமல் அவிழ்க்க மாட்டேன். காய்ச்சல் வந்து மூன்று கிழமை எல்லாம் நின்றுபோனது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம்.

இப்போது அவளுக்கு ஏழு வயது. நடக்கவில்லை. நடப்பாளா என்று தெரியாது. ஆனால் இடுப்பு அதற்கு மேல் விலகவில்லை. சோறு புரையேறுவதில்லை. கதிரையில் நிமிர்ந்திருந்து ரொட்டித் துண்டைத் தானே எடுத்துத் தின்கிறாள். பிடிக்காவிட்டால் தூக்கி எறியவும் பழகியிருக்கிறாள், என் மகள்தானே. பகலில் பிள்ளை மடுவத்தில் மற்றப் பிள்ளைகளோடு இருக்கிறாள். அங்கே இருக்கிற அக்காவுக்கும் நான்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். நான் மறுபடியும் மலைக்குப் போகிறேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பின்நேரம் எங்கள் கோயில் மண்டபத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் கூடுகிறோம். மாதம் ஒரு தடவை நஸ்ரினா மிஸ்ஸும் வருகிறார். முதலில் நாங்கள் இரண்டு பேர்தான். இப்போது பாய் விரிக்க இடம் போதவில்லை. இவ்வளவு பிள்ளைகளும் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள்? லயத்து வீடுகளின் பின்காம்பராவில் இருந்தார்கள். வெட்கத்தில் சிலர், பாசத்தில் சிலர், என்னைப் போல பக்தியில் சிலர் பிள்ளையைப் பொத்தி வைத்திருந்தோம்.

போன மாதம் ஹேவாஹெட்டப் பக்கமிருந்து ஒரு சின்னப் பெண் வந்தாள். மூன்று வயதுப் பையனைப் போர்வையால் சுற்றி, முகம்கூடத் தெரியாமல் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாள். வாசலுக்கு உள்ளே வரவில்லை.

"அக்கா, எம்புள்ள நடப்பானா?" என்று கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாதும்மா. எம்புள்ளயே இன்னும் நடக்கல" என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. திரும்பிப் போகப் பார்த்தாள். நான் விடவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்து, அம்மன் முன்னால் உட்கார வைத்தேன். பையனை என்னிடம் தா என்று கேட்கவில்லை. தாயின் கைதான் பழக வேண்டும்.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது வீட்டுக்குள்ளே இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அம்மனிடம் கேளுங்கள். சண்டை பிடித்தாவது கேளுங்கள். அவள் கோபிக்க மாட்டாள். ஆனால் கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு நான் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

"பயப்படாத. போர்வைய அவுரு. நா பின்னால புடிச்சிக்கிறேன். ஒங்கையாலயே அவன் காலத் தரையில வை."

அவள் வைத்தாள்.