மேப்பில் நான் மூடிய தெரு

நடந்தது இதுதான்:

1. சனி, ஞாயிறுகளில் கடற்கரைக்கு வரும் வெளியூர் கார்கள் எங்கள் தெருவில் அடிக்கும் ஹாரனைத் தாங்க முடியவில்லை.
2. வீட்டிலிருந்த நான்கு போன்களிலிருந்தும் வழிகாட்டும் மேப் செயலிக்கு, 'சாலை மூடப்பட்டுள்ளது' என்று பொய்த் தகவல் அனுப்பினேன்.
3. அடுத்த வாரமே தெரு அமைதியானது. சாஃப்ட்வேர் படித்தது வீணில்லை என்று தோன்றியது.

அந்தக் கார்கள் எங்கே போயின என்று நான் யோசிக்கவே இல்லை.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து மீனவர் குடியிருப்பான வைத்திக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போனேன். எப்போதும் அங்கே ஒரு சந்தின் நிழலில் உட்கார்ந்து விற்கும் செல்வி அக்கா, வெளியே வெயிலில், மணலில் கூடையோடு இருந்தார்.

"ஏங்க்கா இங்க வந்துட்டீங்க?"

"என்னா பண்றது பாப்பா? போன்ல வழி காட்டுதாம், காரெல்லாம் எங்க சந்துலதான் வந்து முட்டுது. போலீஸ்காரரு கூடைய எடுன்னுட்டாரு. இருபது வருசமா உக்காந்த எடம். இங்க ஈதான் வருது, ஆள் வர்ல. அந்த மேப்பு போட்டவன் மீனே துன்னமாட்டான் போல!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அன்றே நான்கு போன்களிலும் தகவலைத் திருத்தினேன். பாதிக் கார்கள்தான் எங்கள் தெருவுக்குத் திரும்பின. மீதி, பழகிவிட்ட அந்தச் சந்திலேயே போகின்றன. அக்கா இன்னும் மணலில்தான் விற்கிறார். காரணம் நான்தான் என்று அவரிடம் இதுவரை சொல்லவில்லை.