மெங் யூ அரைத்த சிவப்பு

மெங் யூவுக்குக் கல்யாணமான வருஷம்தான், மேற்கே ஏதோ ஒரு கிணற்றிலிருந்து அந்த வெள்ளைக் கல் வந்தது. கல்லில் சிவப்பு எழுத்து. குழந்தை அரசனுக்குக் காவலாக நின்ற மந்திரியே இனி நாட்டை ஆள வேண்டும் என்று வானம் எழுதி அனுப்பியதாம். யூவின் அப்பா சிவப்புக் கல்லை அரைத்து எழுத்துச் சாயமாக விற்கிறவர். கேட்டதும் சிரித்துவிட்டார்.

"வானத்துக்கு யாரு அரைச்சுக் குடுத்தான்னு விசாரிங்கப்பா. நானும் அவன்கிட்டத் தொழில் கத்துக்கிறேன்."

அம்மா பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினாள். அந்த வருஷம் எல்லோருமே வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தார்கள். காவல்காரன் அரியணையில் ஏறி உட்கார்ந்தான்.

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது? பழைய ஏடுகளைப் பார்த்துப் பார்த்துப் புதுச் சட்டம் போட்டான் அவன். யூவின் ஊருக்கு ஐந்து வருஷத்தில் நான்கு பெயர் வைத்தான். புதுப்பெயர் தெரியாமல் வரி கட்டப் போனவன் அடி வாங்கிக்கொண்டு திரும்பினான். காட்டில் விறகு எடுத்தால் வரி, குளத்தில் மீன் பிடித்தால் வரி. பெரிய ஆறு கரையை உடைத்துக்கொண்டு வேறு பக்கம் போனது. மிச்சமிருந்த தினையை வெட்டுக்கிளி தின்றது. மரப்பட்டையை இடித்துக் கஞ்சி வைத்த ஒரு நாளில், மண்சுவர் கட்டும் அவள் கணவன் தெங் ஷான் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"மலைக்குப் போயிடலாம், யூ. இங்க இருந்தா பொண்ணு பொழைக்க மாட்டா."

யூவின் தம்பி க்வெய் ஏற்கெனவே மலையில், அரசனை எதிர்த்துக் கிளம்பிய கூட்டத்தோடுதான் இருந்தான். அங்கே கொடி கிடையாது, எழுத்து கிடையாது. ஒருவரையொருவர் 'பெரியவரே' என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் துணி நிற்காத பஞ்சைகூடப் பெரியவர்தான். சட்டம் வாய்ச்சட்டம்: கொன்றவன் சாகணும், காயப்படுத்தினவன் ஈடு கொடுக்கணும். அவ்வளவே.

குளிர்காலத்தில் அரசன் பெரும்படையை அனுப்பினான். அவர்களும் ஏழைகள், இவர்களும் ஏழைகள், கந்தலில் என்ன வித்தியாசம்? நம் ஆட்கள் எல்லோரும் புருவத்தைச் சிவப்பாக்கிக்கொள்ள வேண்டும், சிவப்பில்லாதவனைக் குத்தலாம் என்று தலைவர்கள் சொன்னார்கள். அரைக்கிற வேலையை யூவிடம் கொடுத்தார்கள். பன்றிக் கொழுப்பில் குழைத்தால்தான் சிவப்பு தோலில் பிடித்து நிற்கும். அதற்காக ஒரு சட்டிக் கொழுப்பும் தந்தார்கள்.

ஐந்து வயது மகள் சிங் மூன்று நாளாகக் கண்ணைத் திறக்கவில்லை. யூ ஒரு விரல் கொழுப்பை எடுத்து அவள் நாக்கில் தடவினாள். குழந்தை சப்புக்கொட்டியது. பெற்ற வயிறு அதற்கப்புறம் கேட்குமா? சட்டியில் பாதி மகளுக்குப் போயிற்று. கடைசி இருபது பேருக்கு யூ தண்ணீரில் குழைத்துப் பூசினாள். அந்த இருபது பேரில் கணவனும் ஒருவன்.

"என்ன, பூச்சு இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்றான் ஷான்.

"குளுருதுல்ல, அதான். பேசாம நில்லுங்க."

நடுப்பகலில் ஆலங்கட்டியும் மழையுமாகக் கொட்டியது. சண்டையில் ஜெயித்தார்கள். மாலையில் ஷானைத் தூக்கி வந்தார்கள். குளிருக்கு எதிரிச் சடலத்தின் சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தான். முதுகில் ஈட்டிக் காயம். முகம் கழுவிவிட்டதுபோல் இருந்தது.

குத்தினவன் க்வெய்.

மண்டியிட்டிருந்த அவனை மூத்த தலைவர் கேட்டார்: "பெரியவரே, அக்கா புருஷனை ஏன் குத்துனீங்க? அவனுக்குச் சிவப்பு பூசலியா?"

க்வெய் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அவள் மடியில் சிங், கண்ணைத் திறந்தபடி. கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. ஊரே பட்டினி கிடக்கும்போது ஒரு குழந்தைக்கு மட்டும் எப்படி வரும்? கொழுப்பு எங்கே போயிற்று என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. யூவுக்கும் அவனுக்குப் புரிந்தது தெரிந்தது. உண்மையைச் சொன்னால் கொன்றவள் அவள்தான், சட்டப்படி சாக வேண்டியவளும் அவள்தான். வாயைத் திறக்கப் பார்த்தாள். மகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"பூசியிருந்துச்சு பெரியவரே," என்றான் க்வெய். "சிவப்பைப் பாத்துட்டுத்தான் குத்துனேன். எனக்கும் அவனுக்கும் பழைய பகை."

பகையாவது ஒன்றாவது! இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தில் கஞ்சி குடித்தவர்கள். பொழுது சாய்வதற்குள் க்வெய்யின் தலையை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் செய்தி வந்தது: தலைநகரம் எரிந்தது, அரியணையை அபகரித்தவனின் தலையை வெட்டிச் சந்தையில் தொங்கவிட்டார்கள், ஜனங்கள் கல்லெறிந்தார்கள். முகாமே குதித்தது. எங்கிருந்தோ தினைக் கள் வந்தது. மூத்த தலைவர் கிண்ணத்தை உயர்த்தினார்.

"செத்த நம்ம ஆளுக அத்தனை பேரோட பாவமும் அந்தத் தலைக்குத்தான் போய்ச் சேரணும்!"

யூ கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"பெரியவரே, அதுல ரெண்டு சாவு அவன் பாவமில்ல. நான் ஒண்ணு சொல்லணும்."

அவர் சிரித்துக்கொண்டே அவள் கையில் கிண்ணத்தைத் திணித்தார். "இன்னைக்கு அழுகை வேண்டாம்மா. எதுவா இருந்தாலும் நாளைக்குச் சொல்லு."

மறுநாள் அவர் ஆளனுப்பினார். ஒன்றுமில்லை, சும்மா உளறினேன் என்று சொல்லியனுப்பிவிட்டு, யூ மகளுக்குத் தலை வாரிவிட்டாள்.